பார்க்கிறவர் யார்?

திரையில் ஒருவன் ஓடுகிறான். வேறு சிலர் அவனைத் துரத்துகிறார்கள். அவன் தப்புவானா, பிடிபடுவானா என்று அரங்கில் அமர்ந்திருப்பவரின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. திரைப்படக் கலை நடைபயிலத் தொடங்கிய காலத்திலேயே இந்த வித்தையும் பிறந்துவிட்டது. 1909ஆம் ஆண்டு கிரிஃபித் எடுத்த 'தி லோன்லி வில்லா' என்னும் குறும்படத்தில், வீட்டுக் கதவை உடைக்கும் திருடர்கள், உள்ளே அஞ்சி நடுங்கும் தாயும் பிள்ளைகளும், அவர்களைக் காக்க விரைந்துவரும் தந்தை என மூன்று இடங்களும் மாறி மாறிக் காட்டப்பட்டன. இதற்குச் 'சஸ்பென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லையே நாமும் வழங்கி வருகிறோம். நல்ல தமிழில் பதைப்பு எனலாம்.

இந்தப் பதைப்பைக் கதையும் பின்னணி இசையும்தாம் உண்டாக்குகின்றன என்று எண்ணுவோர் பலர். காமிரா எங்கே நிற்கிறது, எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறது, மேலிருந்தா கீழிருந்தா என்பனவே பாதி வேலையைச் செய்து முடித்துவிடுகின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. இதனைத் தெளிவாக உணர்வதற்குப் பெரும் பொருட்செலவில் உருவான படங்களைவிட, ஒரு மாணவர் எடுத்த பதினைந்து நிமிடப் படம் நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

அமெரிக்காவிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் ஜார்ஜ் லூகாஸ் 1967ஆம் ஆண்டு எடுத்த படம் அது. பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' வழியாக உலகப் புகழ் பெற்ற அதே லூகாஸ்தான். 'எலெக்ட்ரானிக் லாபிரிந்த்: டி.எச்.எக்ஸ். 1138 4இ.பி.' என்பது படத்தின் பெயர். மின்னணுச் சுழல்வழி என்று அதன் முற்பகுதியைத் தமிழாக்கலாம். உடன் பயின்ற மேத்யூ ராபின்ஸும் வால்டர் மர்ச்சும் எழுதிய ஒரு சிறு கதைக் குறிப்பே இதன் கரு. பயிற்சிக்காக வந்திருந்த கடற்படை மாணவர்கள் படக்குழுவாக அமைந்தனர். எதிர்கால நகரம் ஒன்றைச் செட் போட்டு உருவாக்கும் வசதி ஒரு மாணவருக்கு ஏது? ஏற்கெனவே இருந்த கட்டடங்களும் தாழ்வாரங்களுமே அந்த நகரமாயின. 1968 ஜனவரியில் நியூயார்க் நகரின் லிங்கன் சென்டரில் நடைபெற்ற தேசிய மாணவர் திரைப்பட விழாவில், நாடகப் பிரிவில் இப்படம் முதற்பரிசு பெற்றது. 2010ஆம் ஆண்டு, காத்துப் பேணத்தக்க படங்களுக்கான அமெரிக்க தேசியப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. நிலத்தடி நகரம் ஒன்று. அங்கே மனிதருக்குப் பெயர் கிடையாது; எழுத்தும் எண்ணும் மட்டுமே. அவர்களுள் ஒருவன் தப்பி ஓடுகிறான். அவன் ஏன் ஓடுகிறான் என்பது நமக்கு விளக்கப்படுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்போர் காமிராக்களாலும் கணிப்பொறிகளாலும் அவனைத் தேடுகின்றனர், தடுக்க முயல்கின்றனர். இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆயினும் பார்ப்பவர் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறார். எப்படி?

பதைப்பைப் பற்றிப் பேசும்போது ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் கூறிய விளக்கத்தை ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது. 1962ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவே. குண்டு இருப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால், அதே அற்பப் பேச்சு நிமிடக்கணக்கில் நம்மைத் துடிக்க வைக்கும். பேசுவோர் அறியாத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம். அறிந்தும் அவர்களை எச்சரிக்க இயலாமல் கைகட்டி அமர்ந்திருக்கிறோம். இந்த இயலாமையே பதைப்பின் ஊற்று.

இளம் லூகாஸ் இந்த இலக்கணத்தைக் கையிலெடுத்து, அதில் ஒரு திருப்பம் செய்கிறார். ஓடுகிறவன் அறியாததை நாம் அறிகிறோம், உண்மைதான். ஆனால் அந்த அறிவு நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? அவனை வேட்டையாடுவோரின் திரைகளிலிருந்து! அவனைப் பலமுறையும் அந்தக் கண்காணிப்புத் திரைகளின் வழியாகவே காண்கிறோம். கோடும் புள்ளியும் படிந்த மங்கலான பிம்பம், அதன்மேல் எண்கள், இடைவிடாது கரகரக்கும் குரல்கள். அவன் நமக்குத் தெரிகிறான் என்றால் பகைவருக்கும் தெரிகிறான் என்றே பொருள். நம் கண்ணே அவனுக்குக் கண்ணியாகிவிடுகிறது.

காட்சிகளின் தொலைவும் இதே நோக்கில் அமைந்திருக்கிறது. ஆளில்லாத நீண்ட தாழ்வாரம். அதில் சிற்றுருவமாக ஓடும் ஒரு மனிதன். லாங் ஷாட் எனப்படும் சேய்மைக் காட்சி பொதுவாக இடத்தை அறிமுகப்படுத்தப் பயன்படும். இங்கோ அது இடத்தின் கொடுமையைக் காட்டுகிறது. சுவர்கள் பெரியன, மனிதன் சிறியவன். அவனைச் சுற்றி இத்தனை வெற்றிடம் இருந்தும் ஒளிந்துகொள்ள ஓர் மூலை இல்லை. குறுகிய அறையில் அடைபட்டவனைக் கண்டு அஞ்சுவது எளிது. பரந்த வெளியில் அகப்பட்டவனைக் காட்டி அஞ்சவைப்பதே அரிது.

கோணத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்ணுக்கு நேரே வைக்கப்படும் காமிரா ஒருவரைச் சமமாக நடத்துகிறது. கீழிருந்து நோக்குவது அவரை உயர்த்துகிறது. மேலிருந்து நோக்குவது சிறுமைப்படுத்துகிறது. பாடநூல்கள் இவ்வாறு கூறும். கண்காணிப்புக் காமிரா இயல்பாகவே கூரையடியில் இருந்து கீழ்நோக்கிப் பார்ப்பது. அதன் பார்வையில் எவனும் ஐயத்திற்குரியவனே. கட்டுப்பாட்டு அறைக் காட்சிகளோ நேர்மாறானவை. அங்கே இருப்போர் அசையாமல் அமர்ந்திருக்கின்றனர்; காமிராவும் அவர்கள் அருகில் அமைதியாக நிற்கிறது. ஒருபக்கம் மூச்சுவாங்கும் ஓட்டம்; மறுபக்கம் அலுவலகப் பணிபோல் நடைபெறும் வேட்டை. இவ்விரண்டையும் மாறி மாறித் தொகுத்திருப்பதில்தான் படத்தின் அச்சம் இருக்கிறது. அங்கே வெறிகொண்ட கொடியவர் எவருமில்லை. பொத்தானை அழுத்தி, எண்ணை வாசித்து, தத்தம் கடமையைச் செய்யும் சாதாரண ஊழியர்களே இருக்கின்றனர். அதனாலேயே அச்சம் கூடுகிறது.

இவற்றின் பயனாக ஒரு விந்தை நிகழ்கிறது. எல்லாப் படங்களிலும் நாயகனைக் காணவே விரும்பும் நாம், இப்படத்தில் அவன் திரையைவிட்டு மறைந்துபோக வேண்டும் என்று ஏங்கத் தொடங்குகிறோம். இறுதியில் அவன் கதவொன்றை உடைத்து வெளியேறுகிறான். மறையும் கதிரவனை நோக்கி ஓடுகிறான். அதன்பின் அவனுடைய துணைவிக்கு அரசின் இரங்கற் செய்தி வருகிறது. அவன் தன்னைத்தானே அழித்துக்கொண்டானாம்! அது பொய் என்பதற்கு நாமே சாட்சிகள். இதுவரை வேட்டைக்காரரின் கண்ணாக இருந்த நமது பார்வை, அந்த ஒரு கணத்தில் சாட்சியின் பார்வையாக மாறிவிடுகிறது. பதினைந்து நிமிடப் பதைப்புக்கு இதைவிடத் தக்க முடிவு இருக்க இயலாது.

எனினும் இப்படத்தில் ஒரு குறை உண்டு. ராபர்ட் ப்ரெஸ்ஸோன் 1956ஆம் ஆண்டு எடுத்த 'மரண தண்டனை பெற்றவன் தப்பிவிட்டான்' என்னும் பிரெஞ்சுப் படத்துடன் ஒப்பிட்டால் அது புலப்படும். 1943ஆம் ஆண்டு லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய ஆந்த்ரே தெவினியின் உண்மை வரலாறு அது. கைதி தப்பிவிடுவான் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது! இருந்தும் நாம் பதைக்கிறோம். காரணம், காமிரா அவனைவிட்டு அகல்வதே இல்லை. கரண்டியைத் தீட்டி உளியாக்கும் கைகள், கதவின் பலகையைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கும் கைகள், கிழித்த துணியைக் கயிறாக முறுக்கும் கைகள் அண்மைக் காட்சிகளாக நம்முன் வருகின்றன. காவலரைப் பெரும்பாலும் காலடி ஓசையாகவே அறிகிறோம். கைதிக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கும் தெரியாது. ஹிட்ச்காக் சொன்ன வழிக்கு இது முற்றிலும் மாறானது. பதைப்போ சிறிதும் குறையவில்லை. அந்தக் கைகளின் பொறுமையோடு நாம் வாழ்ந்துவிட்டதால், அவன் தப்ப வேண்டும் என்பது நம் சொந்த வேண்டுதலாகிவிடுகிறது.

லூகாஸின் ஓடுகிறவனை நாம் அவ்வாறு அறிவதில்லை. அவன் கைகள் என்ன செய்யும், எதை எண்ணி அவன் இரவில் விழித்திருப்பான் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. துரத்தப்படுகிறான் என்பதாலேயே இரங்குகிறோம். அவன் இன்னான் என்பதால் இரங்கவில்லை. எண்ணாகக் குறுக்கப்பட்ட மனிதனைப் பற்றிய படம், ஓரளவு தானும் அவனை எண்ணாகவே விட்டுவிடுகிறது. 1971ஆம் ஆண்டு இதே கருவை லூகாஸ் முழுநீளப் படமாக விரித்தபோது, அம்மனிதன் ஒரு பெண்ணிடம் கொண்ட அன்பையும் அவளை இழந்ததையும் முதலில் சொல்லி, அதன்பின்னரே அவனை ஓடவிட்டார். குறும்படத்தில் இருந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். டிரோன் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் வானத்திலிருந்தும் பார்க்கலாம். சாய்ந்த கோணம், தரையோடு ஒட்டிய கோணம், பின்தொடரும் காமிரா யாவும் கைக்கு எட்டிவிட்டன. இருட்டு அறை, காலடி ஓசை, சட்டென்று திரும்பும் முகம் என அதிர்ச்சிகள் அடுக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறவர் யார் என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. ஒரு பெண் தனியே நடந்து செல்வதை மரத்தின் மறைவிலிருந்து படம்பிடித்தால், பார்ப்பவரைப் பின்தொடர்பவனின் இடத்தில் நிறுத்துகிறோம். அவள் தோளருகே நின்று படம்பிடித்தால், அவளது அச்சத்தில் பங்குகொள்ள வைக்கிறோம். இரண்டிலும் பதைப்பு உண்டு. முன்னதில் வேட்டையின் சுவை கலந்திருக்கிறது. பின்னதில் அக்கறை இருக்கிறது. முன்னதைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. பயன்படுத்தினால், அது யாருடைய பார்வை என்பதைப் பார்ப்பவர் உணர்ந்து நாணும்படி செய்ய வேண்டும். லூகாஸ் என்ற மாணவர் செய்தது அதுவே.

படம் எடுக்காத நமக்கும் இதில் கற்க உண்டு. தெருமுனையிலும் கடையிலும் அடுக்ககத்தின் படிக்கட்டிலும் இன்று கண்காணிப்புக் காமிராக்கள் இருக்கின்றன. அவற்றில் பதிந்த அயலாரின் துன்பங்கள் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. அடுத்து என்ன நடக்குமோ என்று நாமும் பதைப்போடு பார்த்துவிட்டுப் பிறருக்கு அனுப்புகிறோம். கூரையடியிலிருந்து பார்க்கும்போது முகம் தெரிவதில்லை, உச்சந்தலைதான் தெரிகிறது. முகம் தெரியாதவருக்காக நம் நெஞ்சு எவ்வளவு நேரம் அடித்துக்கொள்ளும்?