கன்னோஜின் மண் அத்தர்

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வடிக்கப்படும் மண் அத்தர், முதல் மழையில் நனைந்த நிலத்தின் வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கிறது. சூளையில் சுட்ட களிமண்ணைச் செப்பு அண்டாவில் தண்ணீரோடு இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண் பூசி அடைத்து, அடியில் விறகெரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே, நீர்த்தொட்டியில் அமிழ்ந்த செப்புக் குடத்துக்குள் இறங்கும். அங்கே இருக்கும் சந்தன எண்ணெய் மணத்தை வாங்கிக்கொள்ளும். தீ ஏறியதா, தணிந்ததா என்பதைக் கைதேர்ந்தவர் தொட்டும் கேட்டுமே சொல்லிவிடுவார், வெப்பமானி கிடையாது. இந்தத் தொழிலின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது. பிறகு நீரைப் பிரித்து எடுத்துவிட்டு, அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றினால் மிச்ச ஈரம் தோல் வழியே கசிந்துவிடும்.

வறண்ட மண்ணும் பாறையும் ஈர்த்து வைத்த எண்ணெய், ஈரம் பட்டதும் மணமாக வெளிப்படுகிறது என்று ஆஸ்திரேலியாவின் பேர், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1964இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மண் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினும் இந்த வாசனைக்குக் காரணம்.

சந்தன எண்ணெயின் விலை ஏறியதால் திரவப் பாரஃபினிலும் இப்போது வடிக்கிறார்கள். அதிலும் மண் மணக்கும். ஆனால் சந்தனம் தரும் ஆழமும் நிதானமும் அதில் இல்லை. மணம் அறிந்தவர்கள் பழைய முறையில் வடித்ததையே தேடி வாங்குகிறார்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும். முதலில் ஈரமண் எழும், மெல்லச் சந்தனம் மேலே வரும்.