பேட்டில் கிரீக்கின் இரண்டு மணி நேரம்

1930 டிசம்பர். அமெரிக்காவைப் பெருமந்தம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம். மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக்கில் இருந்த கெல்லாக் கார்ன்ஃபிளேக்ஸ் ஆலையில், 8 மணி நேர ஷிஃப்ட் மூன்றை எடுத்துவிட்டு 6 மணி நேர ஷிஃப்ட் நான்கைக் கொண்டுவந்தார்கள். வேலையிழந்தவர்களுக்கும் வேலை கிடைக்கட்டும் என்பது நோக்கம். இன்னும் நூறாண்டில் வாரத்துக்கு 15 மணி நேர வேலையே போதும் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

முதல் சில ஆண்டுகளில் திட்டம் நன்றாகவே நடந்தது. களைப்பு குறைந்தது, ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை கூடியது. 8 மணி நேரத்துக்குக் கொடுத்த கூலியை இனி 6 மணி நேரத்துக்கே கொடுக்க முடியும் என்று 1935-ல் ஆலையின் நிறுவனர் கெல்லாக்கே சொன்னார். தொழிலாளர்கள் தோட்டம் போட்டார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள், அக்கம்பக்கத்தாரோடு பேசிக் கழித்தார்கள்.

ஆனால் இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒரு கணக்கைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு உறுத்துகிறது. தொடக்கத்தில் மணிக்கூலியை 12.5 சதவீதம்தான் உயர்த்தினார்கள். நாளுக்கு 8 டாலர் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால், அவர் கைக்கு வந்தது 6.75 டாலர். ஓய்வின் விலையில் ஒரு பங்கைத் தொழிலாளியே கொடுத்தார். பின்னாளில் கடைகள் நிரம்பியபோது அந்த ஓய்வைத் திருப்பிக் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 8 மணி நேரம் திரும்பியது. போர் முடிந்ததும் பெரும்பாலோர் 6 மணி நேரத்துக்கே வாக்களித்தார்கள். ஆனாலும் ஐம்பதுகளில் பிரிவு பிரிவாக ஆண்கள் 8 மணி நேரத்துக்கு மாறினார்கள். வீடு, கார், தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் தவணை கட்ட வேண்டியிருந்தது. காப்பீடும் ஓய்வூதியமும் தலைக்கு இவ்வளவு என்று ஆனபின், குறைந்த ஆட்களிடம் நிறைய நேரம் வேலை வாங்குவதே நிறுவனத்துக்கு லாபம். தொழிற்சங்கமும் நேரத்தை விட்டுக் கூலியைப் பிடித்துக்கொண்டது.

இதைவிடக் கொடியதாக எனக்குப் படுவது வேறொன்று. 6 மணி நேரம் பெண்களுக்கானது என்று பெயர் விழுந்தது. அதிலேயே தங்கிவிட்ட ஆண்கள் கேலிக்கு ஆளானார்கள். ஓய்வை விரும்புவது ஆண்மைக்குக் குறைவு என்றானது. பெண்களுக்கோ அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வீட்டு வேலையிலேயே போனது. அதை ஓய்வு என்று கணக்கிடுவது தவறு என்றே நினைத்திருந்தேன். ஆனால் காய்கனிகளைப் பதப்படுத்தி ஜாடிகளில் அடைத்துவைத்த அந்த மாலைகளைத் தங்கள் சொந்த நேரமாக அந்தப் பெண்களே நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் சொல்லை என் கணிப்புக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

6 மணி நேர ஷிஃப்டில் கடைசிவரை நின்றவர்கள் 500 பேருக்குச் சற்று மேல், பெரும்பாலும் பெண்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலைகள் வேறு ஊருக்குப் போய்விடும் என்றது நிர்வாகம். 1985 பிப்ரவரியில் அவர்கள் இணங்கினார்கள். அதன் பிறகு ஒரு சவப்பெட்டி செய்துவைத்து, 6 மணி நேர ஷிஃப்டுக்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள்.