இறங்கி வர முடிகிற மலை

வேலையை விட்டுவிட்டு மலையூரில் போய் நிம்மதியாக இருக்கப் போகிறேன் என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த பேச்சு ஊட்டியா கொடைக்கானலா என்றுதான் போகும். அந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்து, ஏற்காடு, ஏற்காடு, ஏற்காடு என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன். கேட்கிறவருக்குச் சலிப்புத் தட்டினாலும் பரவாயில்லை. இவ்வளவு நல்ல ஊரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, சேலத்துக்காரர்களும் நாமக்கல்காரர்களும் நீலகிரியில் மனை விலை விசாரிப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை.

நான் இளம்பிள்ளைக்காரன். எங்கள் வாயில் எலம்பிள்ளை. சேலத்திலிருந்து சித்தர்கோயில் வழியாக வந்தால், கஞ்சமலையை ஒட்டி, வீதிக்கு வீதி சேலைக்கடையும் வீட்டுக்கு வீடு விசைத்தறியுமாக இருக்கிற ஊர். தறி ஓடுகிற வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. பாவு, ஊடை, சரிகை, ஏஜென்ட் பாக்கி, தீபாவளிச் சரக்கு என்று அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்க்கையை ஓட்டி, அறுபது தாண்டியதும் பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரியோடு சேர்வராயன் மலையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று, “அண்ணா, காலங்காத்தால ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டுக்கிறீங்க?” என்று கவலையோடு கேட்டார். நாங்கள் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது மெதுவாகப் பேசுகிறோம். ஏற்காடு எங்களுக்குக் கொடுத்ததில் முதலாவது அதுதான்.

குளிர்ச்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆக, கீழே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டு, தறிக்கூடத்துத் தகரம் நெருப்பாய்த் தகிக்கிற மதியத்தில், இங்கே முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். ராத்திரி போர்வை வேண்டும். மார்கழியில் கம்பளி வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர்; கொடைக்கானலும் 2,000 மீட்டரைத் தாண்டியது. இளசுகளுக்கு அந்தக் குளிர் கொண்டாட்டம். மூட்டுவலிக்காரனுக்கு அது தண்டனை. எங்களைப் போலச் சமவெளியில் வெந்து பழகிய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த குளிர் ஏற்காட்டுக் குளிர்தான்.

ஆனால் நான் இந்த ஊரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் குளிர் முதல் காரணம் இல்லை. வீட்டை மாற்றப் போகிறோம் என்றதும் என் மைத்துனன் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். “ஏன் மாமா, அங்க போயி என்னத்தப் பண்ணப் போறீங்க? கொரங்கோட பேசிக்கிட்டு இருக்கப் போறீங்களா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எப்படி வருவீங்க?” என்றான். குரங்கு விஷயத்தில் அவன் சொன்னது கிட்டத்தட்டப் பலித்துவிட்டது. நல்லது கெட்டது விஷயத்தில்தான் ஏற்காடு ஜெயித்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வருத்தப்படுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் மறக்கவே மாட்டார்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரம், கூடப்போனால் இன்னும் கொஞ்சம். காலையில் சேதி வந்தால் மதியத்துக்குள் எலம்பிள்ளையில் மாலையோடு நிற்கலாம். பேத்தி காதுகுத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் மலையேறி வீட்டுக்கு வந்துவிடலாம். நெஞ்சுவலி என்றாலும் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரிகளும் நிறைய. ஓய்வுக்கால மலை என்பது ஏறிப்போகிற மலையாக மட்டும் இருந்தால் போதாது. வேண்டிய நேரத்தில் இறங்கி வரவும் முடிய வேண்டும்.

நாமக்கல் சிநேகிதர் ஒருவர், கொல்லிமலையை விட்டுவிட்டாயே என்று கோபித்துக்கொண்டார். கொல்லிமலையை யார் குறை சொல்ல முடியும்? அறப்பளீஸ்வரரும் ஆகாய கங்கையும் இருக்கிற மலை. ஆனால் அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பாதையில் இருபது. அறுபதுக்கு மேல் ஆன வயிற்றைக் கேட்டால் அது இருபதுக்குத்தான் ஓட்டுப் போடும்.

அந்த இருபது வளைவையும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் கிளம்பும்போது முள்ளும் மூங்கிலும் வறண்ட மரங்களும்தான். வளைவு எண்கள் ஏற ஏறக் காற்றின் வாசம் மாறும். பிறகு ஓங்கிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள், நிழலுக்குள் இடுப்புயரக் காபிச் செடிகள். இந்தக் காபி வந்த கதைக்கு இருநூறு வருஷ வயது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். ஆரஞ்சு, பேரி என்று பழமரங்களையும் நட்டுப் பார்த்தார் என்பார்கள். கலெக்டர் வேலைக்கு நடுவில் இதெல்லாம் செய்திருக்கிறார். அவருக்கும் கீழே வெயில் தாங்கியிருக்காது என்பது என் ஊகம்.

காபி பூப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் உங்களுக்காக வருத்தப்படுகிறேன். மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். பூ மழை என்று தோட்டக்காரர்கள் காத்திருப்பது இதற்குத்தான். மழை விழுந்து எட்டுப் பத்து நாளில், ஒரு காலையில் கதவைத் திறந்தால் மலைச்சரிவு முழுக்க வெள்ளை. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, கொத்துக் கொத்தாய்ப் பூ. மல்லிகையை ஒட்டிய வாசனை. அது வீட்டுக்குள் வந்து, துணியில் ஏறி, சோற்றுப் பானை வரைக்கும் போய்விடும். தேனீக்களுக்குக் கை கால் ஓடாது. இரண்டு மூன்று நாள்தான். பிறகு பூவெல்லாம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். என் வீட்டுக்காரி நாற்பது வருஷம் முழம்போட்டுப் பூ வாங்கியவள், அன்றைக்குத் தோட்டத்து ஓரம் நின்று, “இதுல ஒரு பூவாச்சும் தலையில வெக்கலாமா?” என்று கேட்டாள். பறிக்கக் கூடாது, ஒவ்வொரு பூவும் ஒரு பழம் என்று வேலைக்கு வந்த அம்மா சொன்னதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கார்த்திகை தொடங்கித் தை வரை அந்தப் பழங்கள் சிவந்து, பெண்கள் கூடை கட்டிப் பறிப்பதையும், களத்தில் கொட்டைகள் காய்வதையும் பார்த்தபடி நடந்துபோவோம். அந்தத் தோட்டத்துக் கொட்டையையே வறுத்து அரைத்து வாங்கி வந்து குடிக்கிற காபிக்கு முன்னால் வேறு எதையும் நான் காபி என்று ஒத்துக்கொள்வதில்லை.

இந்த மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள் என்கிற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி இந்தப் பக்கத்து மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்று அவர்களுடைய கதை ஒன்று உண்டு. பட்டுக்குக் காஞ்சியையே பார்த்து வளர்ந்த எலம்பிள்ளைக்காரனுக்கு அதைக் கேட்டதும் சொந்தம் கிடைத்த சந்தோஷம். அவர்களுடைய தெய்வம் சேர்வராயன், மலையின் உச்சியில், சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிகரம் என்றால் கூராக இருக்கும் என்று நினைத்துப் போனால், பரந்த புல்வெளி, நடுவில் குகைக்கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே திரண்டுவிடும். மற்ற நாளில் போனால் காற்று ஒன்றுதான் துணை. நான் சாமி கும்பிட்டு முடித்தாலும் உடனே கிளம்புவதில்லை. அந்தப் புல்லில் உட்கார்ந்து சும்மா இருப்பதற்காகவே போகிறேன்.

சின்ன ஊர் என்றாலும் பட்டிக்காடு இல்லை. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது, நடிகர் விக்ரம் படித்தது அங்கேதான். அதற்கும் முந்திய பெண்கள் பள்ளி ஒன்றும் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் அமைத்த தோட்டத்தில் ஆர்க்கிட் செடிகளைச் சேர்த்து வளர்க்கிறார்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச்செடியைப் பேரனுக்குக் காட்ட அங்கேதான் கூட்டிப்போனேன். அவன் அதற்கு எறும்பு பிடித்துக் கொடுக்கப் பார்த்து, காவலர் விரட்டினார். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் சுற்றுலாக்காரர்கள் சொல்லியே உங்களுக்குத் தெரிந்திருக்கும். லேடீஸ் சீட்டுக்கு மட்டும் ராத்திரியில் போய்ப் பாருங்கள், கீழே சேலம் முழுக்க விளக்காக விரிந்து கிடக்கும். சனி ஞாயிறில் ஏரிக்கரையை வெளியூர்க் கார்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் நாகலூர் பக்கம் தோட்டச் சாலையில் நடக்கப் போய்விடுவோம். திங்கட்கிழமை ஏரி மறுபடி எங்களுக்கு. ஏரியோரத்து மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் அன்றைக்குத்தான் நம்மோடு பேச நேரம் இருக்கும்.

இத்தனை புகழ்கிறானே, குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மழைக்காலத்தில் துணி காயாது. ஐப்பசிச் சாரல் பாவு விரித்த மாதிரி இழை இழையாய்ச் சரிவு முழுக்க நிற்கும்போது பார்க்கக் கண் போதாது, ஆனால் பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். சரிகைக்கு ஈரம் ஆகாது, கறுத்துவிடும். இது என் தொழில், எனக்குத் தெரியாதா? அதனால் வீட்டுக்காரியின் பட்டுச்சேலைகள் எல்லாம் எலம்பிள்ளையிலேயே பீரோவில் இருக்கின்றன. விசேஷத்துக்கு இறங்கும்போது அங்கே போய்க் கட்டிக்கொள்கிறாள். இங்கே பருத்திதான். குரங்குகள் ஓட்டைப் பிரிக்கும், ஜன்னலில் கம்பிவலை கட்டாயம். காட்டெருமைகள் தோட்டத்துப் பக்கம் வந்து நிற்கும். பார்த்தால் போட்டோ எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பெருமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆயிற்று, மலைப்பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆகவே மழை மாதங்களில் மாத்திரையும் அரிசியும் பருப்பும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஊர்ப் பழக்கம். எங்களுக்கும் அது பழகிவிட்டது. வாரக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு, மழை அதிகம் என்பதெல்லாம் ஒரு புகாரா?

என் பேச்சைக் கேட்டு உடனே மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மலைப்பகுதி என்பதால், ஹாகா என்று சுருக்கமாகச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் இங்கே உண்டு. நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்ட முடியாது, முடியவும் கூடாது. பழங்குடியினருக்கு அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் எது என்று விசாரிக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்க்காமல் எந்தப் புரோக்கர் பேச்சையும் நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம், வாடகை போதும். வயதான காலத்தில் சுவரையும் கூரையையும் பராமரிக்கிற வேலை நமக்கு எதற்கு?

இரண்டு நாள் லாட்ஜில் தங்கிவிட்டு ஊர் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஐப்பசியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, தை வரைக்கும் இருந்து பாருங்கள். துணி காயாத அந்த மாதங்களையும் நீங்கள் ரசித்துவிட்டால், பங்குனியில் காபி பூக்கும்போது உங்களை யாரும் கீழே இறக்க முடியாது. மே மாதம் மட்டும் வர வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் எங்களுக்கே நடக்க இடம் இருக்காது.