பிழையோடு அச்சேறுதல்

நம் சூழலில் எழுதாமல் இருப்பதற்கு ஒரு மரியாதை உண்டு. 'அவர் ரொம்ப யோசிக்கிறவர், லேசுல எழுதமாட்டார்' என்றால் அது பாராட்டு. இந்தப் பாராட்டைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும் எனத் தோன்றுகிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையென்று சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் பதிப்பித்தார். அதில் பெரிய பிழை ஒன்று இருந்தது. கடைசி நான்கு இயல்களின் உரை நச்சினார்க்கினியருடையது அல்ல, பேராசிரியருடையது. பிற்பாடு இதை எடுத்துக்காட்டியவர் ரா. இராகவையங்கார். பலர் கையிலும் அச்சுப் பிரதி இருந்ததால்தான் இந்த விவாதமே சாத்தியமாயிற்று. ஏடு பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் பிழையும் இல்லை, திருத்தமும் இல்லை, செல்லுக்குத்தான் லாபம்.

உ.வே.சா. 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. நானூறும் சேரட்டும் என்று அவர் காத்திருந்தால் நமக்கு ஒரு பாட்டும் மிஞ்சியிருக்காது.

இது அவசரத்துக்கான வக்காலத்து அல்ல. இருவரும் ஏடு தேடி அலைந்தவர்கள், ஒப்பிட்டவர்கள். ஆனால் சந்தேகம் முழுதாய்த் தீர்ந்த பிறகே அச்சு என்று உட்கார்ந்துவிடவில்லை.

எம்.ஏ. படிக்கையில் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் பாடிய ஒப்பாரிகளை நோட்டில் எழுதி வைத்தேன். சொற்பொருளைச் சரிபார்த்துவிட்டு வெளியிடலாம் என்றிருந்தேன். பிறகு, கோட்பாடு படித்துவிட்டு முன்னுரை எழுதலாம் என்று. பக்தினைப் படித்தேன், கிராம்சியைப் படித்தேன். முன்னுரை நாலு தடவை மாறியது. போன வருஷம் பாட்டி இறந்துபோனார். எனக்குப் புரியாத பதினோரு சொற்கள் கேள்விக்குறியோடு நோட்டில் நிற்கின்றன. அவரிடம் இனி கேட்க முடியாது.

பிரதியின் மீதான பொறுப்பு என்று நான் நினைத்திருந்தது, என் பெயரைப் பற்றிய பயம்தான். தப்பு கண்டுபிடிப்பது வாசகரின் உரிமை. அதை முன்கூட்டியே அவரிடமிருந்து பறித்துக்கொள்வதும் ஒருவகை அதிகாரமே. இயக்க நண்பர்களுக்கும் இது தெரியாததல்ல. நிலைப்பாடு தெளிவாகட்டும் என்று துண்டறிக்கை மூணு கூட்டம் தள்ளிப்போகும். அதற்குள் ஊரில் குடிசைகளைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

நோட்டை இந்த மாதம் அச்சுக்குக் கொடுக்கிறேன், பதினோரு கேள்விக்குறிகளோடு. அந்த ஊர்ப் பெண்கள் யாராவது படித்துவிட்டு, 'இதுகூடத் தெரியாம எம்.ஏ. படிச்சியா' என்று கேட்கட்டும். திருத்தம் அங்கிருந்துதான் வர வேண்டும்.