நுரையும் மணமும்: ஷேவிங் சோப்பின் மரபுகள்

ஷேவிங் சோப்பு டப்பாவைத் திறந்ததும் கை அதைத் தானாக மூக்கருகே கொண்டுபோகும். இருபது வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் காய்ந்த சோப்பு காட்டும் மணம் ஒன்று. வெந்நீர் பட்டு, பிரஷில் குழைந்து, முகத்தின் சூட்டில் ஐந்து நிமிடம் இருந்த பிறகு அது தரும் மணம் வேறொன்று. நுரையிலும் இந்த ஏமாற்றம் உண்டு. கிண்ணத்தில் மலைபோல் குவிந்து நிற்கும் நுரை பார்க்க அழகாக இருக்கும். கத்தி ஒருமுறை ஓடி அந்த நுரையை வழித்தெடுத்த பிறகு, வெறுந்தோலில் என்ன வழுவழுப்பு மிஞ்சியிருக்கிறது என்று தடவிப் பார்த்தால்தான் சோப்பின் யோக்கியதை தெரியும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர் சலூன்காரர். அலுமினியக் கிண்ணம், வட்ட சோப்பு, முடி உதிரும் பிரஷ், ஒரு துண்டுப் படிகாரம். இவ்வளவுதான் அவர் சரக்கு. முதல்முறை மீசையோரம் ஒதுக்கப் போனபோது, "தம்பி, நுரை மூஞ்சில காயக் கூடாது. காஞ்சா கத்தி பேசும்" என்றார். கத்தி பேசுவது என்றால் சரசரவென்று சத்தம் போட்டுத் தோலை இழுப்பது. நல்ல நுரையில் கத்தி ஊமை. ஐரோப்பிய மரபுகளின் சோப்புகளை ஒவ்வொன்றாக வரவழைத்துப் பழகியபோது, அந்தந்த நாட்டுக்காரர்கள் வெவ்வேறு சொற்களில் தேடியதும் இதையேதான் என்று புரிந்தது.

முடி தண்ணீரைக் குடித்தால் மெத்தென்றாகி வெட்டுவதற்கு எளிதாகும். அந்தத் தண்ணீரைச் சில நிமிடங்கள் முகத்திலேயே பிடித்து வைப்பது நுரையின் முதல் வேலை. கத்திக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய படலமாகக் கிடந்து வழுக்கிவிடுவது இரண்டாவது வேலை. குளியல் சோப்பு இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும். குளியல் சோப்பைக் காஸ்டிக் சோடா சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அதனால் கட்டி கெட்டிப்படும். ஷேவிங் சோப்பில் காஸ்டிக் பொட்டாஷும் சேரும். பொட்டாஷ் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரைந்து குழைவான நுரை தரும். கொழுப்பில் ஸ்டியரிக் அமிலம் கூடக்கூட நுரை அடர்ந்து, உடையாமல் நிற்கும். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது பெரிய குமிழிகளை வேகமாக எழுப்பும், அதே வேகத்தில் உடைந்தும் போகும், அளவு மீறினால் தோலை வறட்டும். மாட்டுக்கொழுப்பில் பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் சேர்ந்து பாதிக்குச் சற்றுக் குறைவாக உண்டு. பழைய ஐரோப்பிய ஷேவிங் சோப்பு கிட்டத்தட்ட எல்லாமே மாட்டுக்கொழுப்பில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

முதலில் இங்கிலாந்து. லண்டனின் செயின்ட் ஜேம்ஸ், மேஃபேர் பகுதிகளில் நடந்தால் சில நிமிட இடைவெளியில் இந்த மரபின் பெரிய கடைகள் வந்துவிடும். டி.ஆர். ஹாரிஸ் 1790இல் தொடங்கிய மருந்துக்கடை. ட்ரூஃபிட் அண்ட் ஹில் 1805இல் பிறந்த முடிதிருத்தகம். டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் 1854. கர்சன் தெருவின் ஜியோ. எஃப். ட்ரம்பர் 1875. இவர்கள் மரபில் சோப்பு கல்போலக் கெட்டியாக இருக்கும். காய்ந்த சோப்புச் சீவல்களை உருளைகளுக்கிடையே மும்முறை அரைத்து, ஈரம் போக்கி, அழுத்தி வில்லையாக்கி, மரக்கிண்ணத்தில் பொருத்துவார்கள். ஒரு வில்லை மாதக்கணக்கில் உழைக்கும். மணம் அடக்கமானது: லாவெண்டர், ரோஜா, பாதாம், வயலட், சந்தனம், எலுமிச்சை. அறைக்குள் நுழைகிறவருக்கு முன்னே வாசனை நுழையக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ரசாயனமும் இருக்கிறது. சோப்பு காரத்தன்மை கொண்டது. எல்லா வாசனையும் அதில் பிழைக்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் சீக்கிரம் ஆக்ஸிஜனேறி மங்கிவிடும். வனிலின் சேர்த்தால் வெள்ளை சோப்பு நாளடைவில் பழுப்பேறும். லாவெண்டர் தாங்கும். விலையுயர்ந்த ரோஜா எண்ணெயின் இடத்தில் ஜெரானியம் எண்ணெய் உட்கார்ந்துகொண்டதும் இப்படித்தான்: விலை குறைவு, காரத்தையும் தாங்கும். சந்தன எண்ணெயும் வெட்டிவேர் எண்ணெயும் சோப்பில் வருடக்கணக்கில் நிற்கும். மற்ற மணங்களையும் பிடித்து நிறுத்தும். பாரிஸ் வாசனைக்காரர்கள் 'வெட்டிவேர்' என்று உச்சரிப்பது நம் தமிழ்ச் சொல்லைத்தான். கோடையில் பானைத் தண்ணீரில் போடும் அந்த வேர் ஐரோப்பியக் கனவான்களின் கன்னத்துக்குப் போன கதை தனியாக எழுதத் தக்கது.

ஆங்கில மரபில் என் மனதுக்கு நெருக்கமானது மேஃபேரில் இல்லை, யார்க்‌ஷயரில் இருக்கிறது. பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளின் ஊர். ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது பிரியும் மெழுகுதான் லேனோலின். அதையும் மாட்டுக்கொழுப்பையும் சேர்த்துச் செய்வது மிட்செல்ஸ் உல் ஃபேட் சோப்பு. மணம் என்று பார்த்தால் சலவை செய்து மடித்த துணியின் சுத்தம், அவ்வளவுதான். ஆனால் ஷேவ் முடிந்து முகம் கழுவித் துடைத்த பிறகு கன்னம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல இருக்கும். இந்த சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்று பலர் ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குறை தண்ணீரில். பிராட்ஃபோர்டின் தண்ணீர் மென்னீர். ஊறவைக்கவும் துவைக்கவும் அது உதவியதால்தான் கம்பளித் தொழிலே அங்கு வேர்பிடித்தது. நம் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துத் தயிர்த்துகளாக்கிவிடும். மழைநீரில் இதே சோப்பைக் குழைத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் ஒரு குடம் பிடித்து வைத்து நான் அப்படித்தான் சோதித்தேன். அன்றுதான் அதன் நுரையை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன்.

இத்தாலிக்காரர்களின் சோப்பு மெத்தென்று, விரலால் வழித்தெடுக்கும் பதத்தில் இருக்கும். மிலானின் செல்லா 1899இலிருந்து வருகிறது. சலூன்களுக்கென்று அதை ஒரு கிலோ கட்டியாக விற்கிறார்கள். வெட்டிக் கிண்ணத்தில் அப்பிக்கொள்ள வேண்டியதுதான். மணம் கசப்புப் பாதாம். கேக் கடையில் பாதாம் எசென்ஸ் குப்பியைத் திறந்தால் வருமே, அதே மணம். அதற்குப் பின்னால் இருப்பது பென்சால்டிஹைடு என்ற சேர்மம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவு சோப்புகளில் அதற்குப் பதிலாக நைட்ரோபென்சீனை 'மிர்பேன் எண்ணெய்' என்ற பெயரில் ஊற்றினார்கள். அது தோல் வழியாகவே உடலில் ஏறும் நஞ்சு. அந்தக் காலத்து சோப்பெல்லாம் தங்கம் என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஃபுளோரன்ஸில் 1908இல் தொடங்கிய மார்ட்டெல்லி நிறுவனத்தின் புரோராசோ மணத்தில் வேறு வழி போயிற்று. யூகலிப்டஸ் எண்ணெயும் மென்தாலும். ஊட்டியிலிருந்து நீலகிரித் தைலம் வாங்கி வந்திருப்பவருக்கு இந்த மணத்தை விளக்கத் தேவையில்லை. மென்தால் தோலின் குளிருணர்வு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. முகத்தின் வெப்பம் குறையாமலே ஜில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில் இதற்கு ஈடில்லை. மார்கழிக் காலையில் எனக்குக் கண் கலங்கும். இத்தாலிய சலூன்காரர்கள் பன்றிமுடி பிரஷைத்தான் கையாண்டார்கள். அதைச் சில நிமிடம் ஊறவைத்தால்தான் நுனி வளையும். ஆங்கிலேயர் பேட்ஜர் விலங்கின் முடிக்கு ஆசைப்பட்டார்கள். அது தண்ணீரைத் தாராளமாகப் பிடித்து வைக்கும். முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரைமுடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் நோய் பரவிச் சிலர் இறந்தும் போனார்கள். பிரஷ் முடியைச் சுத்திகரிக்கும் விதிகள் அதற்குப் பிறகுதான் இறுகின.

பிரெஞ்சுக்காரர்கள் சோப்பைவிட மணத்துக்குக் கொடுத்ததுதான் அதிகம். 1868இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் கூமரினை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். உலர்ந்த புல்லின் இனிய மணம் அது. 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்க்கே அதை லாவெண்டருடனும் ஓக் மரப்பாசியுடனும் இணைத்து 'ஃபூஷேர் ருவாயால்' என்ற வாசனையை உருவாக்கினார். ஃபூஷேர் என்றால் பெரணிச்செடி. பெரணிக்கு அப்படியொரு மணமே கிடையாது. இருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனையிலிருந்து ஒரு பெருங்குடும்பமே பிறந்துவிட்டது. உலகமெங்கும் 'சலூன் வாசனை' என்று மனதில் நிற்பதில் பெரும்பகுதி இதன் வாரிசுகள்தான். ஓக் பாசியிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் ஒவ்வாமை தருவதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை 2017இன் விதியால் விலக்கியது. பழைய டப்பாவையும் புதிய டப்பாவையும் அடுத்தடுத்து முகர்ந்தால், புதியதில் அடியிலிருந்த ஈரமண் போன்ற ஆழம் மெலிந்திருக்கிறது. தோலுக்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இழப்பு இழப்புதான்.

ஜெர்மனியின் தபாக் 1959இல் வந்தது. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில், பௌடர் பூசிய தாத்தாவின் தோளை நினைவூட்டும் கனத்த மணம். துருக்கியின் ஆர்கோ குச்சியை நேராக முள்தாடியில் தேய்த்துப் பிரஷால் குழைக்கலாம். அதன் மணம் துணி சோப்பைப் போலிருக்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள்; நுரையில் அதை மிஞ்சும் சோப்புகள் சிலவே, விலையும் அற்பம். அமெரிக்காவில் ஜே.பி. வில்லியம்ஸ் 1840இலேயே தொடங்கிவிட்டது. ஓல்ட் ஸ்பைஸ் ஆண்கள் சரக்கு 1938இல் கப்பல் படம் போட்ட குவளையோடு வந்தது. ஆனால் பிரஷ் இல்லாமல் பூசும் பார்பசால் 1919இலும், பீய்ச்சும் டின் நுரை 1949இலும் வந்ததோடு அங்கே இந்த மரபு ஒடுங்கிவிட்டது. டின் நுரையில் கண்ணுக்கு நிறையக் காற்று இருக்கிறது. விரலிடுக்கில் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பல பழைய நிறுவனங்கள் மாட்டுக்கொழுப்பை விட்டுப் பாமாயிலுக்கு மாறின. மதம், உணவுக் கொள்கை, மூலப்பொருள் கிடைப்பது என்று காரணங்கள் பல; மாட்டுக்கொழுப்பைத் தொட மாட்டேன் என்பவர்களுக்கு நல்ல தாவரக் கொழுப்பு சோப்பு வேண்டும் என்பது நியாயமே. தாவரக் கொழுப்பிலும் ஸ்டியரிக் அமிலத்தைக் கூட்டி, பொட்டாஷைச் சரியாகச் சேர்த்தால் அருமையான நுரை வரும். இன்று சிறு பட்டறைகள் பல அதைச் செய்துகாட்டுகின்றன. என் மனவருத்தம் வேறு. எட்டு வருடம் பழகிய ஒரு சோப்பு, அதே கிண்ணம், அதே எழுத்து, அதே விலையில் வந்தது. எதிர் வழிப்பில், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராகக் கத்தியை ஓட்டியபோது, தாடையோரம் எரிந்தது. தண்ணீரை மாற்றினேன், பிரஷை மாற்றினேன், பிளேடை மாற்றினேன். கடைசியில் பழைய அட்டையைத் தேடியெடுத்து இரண்டின் சேர்மானப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் கொழுப்பே மாறியிருப்பது தெரிந்தது. மாற்றியதை மேலட்டையில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இத்தனை மரபுகளையும் எடைபோட நான் வைத்திருக்கும் முறை எளியது. பிரஷை நனைத்து இரண்டு முறை உதறி, சோப்பின் மேல் முப்பது விநாடி சுற்றுவேன். முதலில் சளசளவென்று சத்தம் வரும், பெரிய குமிழிகள் எழும். சுற்றச் சுற்ற அந்தச் சத்தம் அடங்கி, பிரஷ் கனத்து, நுனியில் அரைத்த உளுந்துமாவு போல ஒரு பசை ஏறும். அதை முகத்துக்குக் கொண்டுபோய், விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பேன். ஒவ்வொரு சொட்டுக்கும் நுரை பளபளப்பு கூடிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் அது கடைந்த தயிரின் பதத்துக்கு வந்து, இழுத்தால் வளைந்த நுனியோடு நிற்கும். அங்கே தண்ணீரை நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு சொட்டு விழுந்தால் ஒழுகும். இந்தப் பதத்துக்கும் ஒழுகலுக்கும் இடையே எத்தனை சொட்டுத் தாங்குகிறது என்பதை எண்ணுவேன். செல்லா தவறுகளை நிறையப் பொறுக்கும். மிட்செல்ஸ் நிறையக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் திடீரென்று கோபித்துக்கொள்ளும்.

பிறகு நேர் வழிப்பு. கழுவாமல், புதிதாக நுரை பூசாமல், ஈர விரலால் கன்னத்தைத் தடவுவேன். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சோப்பு தேறியது. மணத்துக்கு மதிப்பெண் போடுவது அதற்கும் பிறகு, எதிர் வழிப்பு முடிந்து, படிகாரம் தேய்த்து, முகம் துடைத்து, பிரஷைக் கழுவி ஆணியில் தலைகீழாக மாட்டும்போது. குளியலறையில் அப்போது மிஞ்சியிருக்கும் வாசனையை நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். மிட்செல்ஸுக்கு நேராக இத்தனை வருடமாக அங்கே இருப்பது ஒரே ஒரு சொல்: "துணி."