திட்டிவாசல்

கல்விக் கோட்டையின் கதவு அனைவருக்கும் திறந்தே இருக்கிறது என்கின்றனர். அருகே சென்று பார்த்தால் பெருங்கதவு சாத்தப்பட்டிருக்கிறது. திட்டிவாசல் மட்டுமே திறந்திருக்கிறது. அதில் நுழையக் குனியத் தெரிய வேண்டும்; அதற்கும் முன்னதாக, அப்படியொரு வாசல் இருப்பதே தெரிந்திருக்க வேண்டும்! குடியாட்சியின் கொடியுயர்த்திப் பேசும் அமெரிக்க நாட்டில், பெரும் பல்கலைக் கழகங்கள் பல்லாண்டுகள் விதித்திருந்த பாடவாரித் தேர்வு நிபந்தனையின் கதை இதுவே.

1900-ஆம் ஆண்டில் கல்லூரி நுழைவுத் தேர்வுக் கழகம் அங்கே தோன்றிற்று. கல்லூரிக்கொரு தேர்வு என்றிருந்த குழப்பத்தை நீக்குவது நோக்கம், நல்ல நோக்கந்தான். 1901 ஜூனில் முதல் தேர்வை எழுதியோர் 973 பேர். ஆங்கிலம், கணிதம், வேதியியலோடு இலத்தீனும் கிரேக்கமும் கேட்கப்பட்டன. கிரேக்கம் கற்பிக்கும் பள்ளியில் எந்த வீட்டுப் பிள்ளைகள் பயின்றனர் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

பின்னர், 1926-இல், பாடத்தை விடுத்து இயல்பறிவையே அளப்போம் என்று எஸ்.ஏ.டி. தேர்வு வந்தது. அதை வகுத்த கார்ல் பிரிகாம், வடஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது என்று 1923-இல் நூலெழுதியவர்! 1930-இல் அவரே அம்முடிவைக் கைவிட்டார். ஆசிரியர் தம் கொள்கையைத் துறந்தார், தேர்வோ நிலைத்துவிட்டது.

அதனோடு ஒப்பிட்டால் பாடவாரித் தேர்வு எவ்வளவோ மேல். 1937-இல் தொடங்கிப் பெயர்கள் பல பூண்டு வளர்ந்தது அது. இறுதி நாட்களில், பாடமொன்றுக்கு ஒரு மணி நேரம். 200 முதல் 800 வரை மதிப்பெண். இருபது தேர்வுகள் அளவில் இருந்தன. கற்றதைக் கேட்பது நேர்மை. வகுப்பறையில் நிற்கும் நாம் அதை மறுக்கமாட்டோம். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குச் சான்று பகர்ந்தது. மாணவரின் முதலாண்டுப் படிப்பை முன்னறிய, எஸ்.ஏ.டி.யை விடப் பாடவாரித் தேர்வே பயன்பட்டது. குடும்பத்தின் செல்வநிலை அதை ஆட்டிப்படைத்ததும் குறைவு. எஸ்.ஏ.டி.யை விடுத்துப் பாடத் தேர்வுகளையே கொள்வோம் என்றார் அதன் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன்.

அப்படியானால் குறை எங்கே? வினாத்தாளில் அன்று, அதை எழுதியே தீர வேண்டும் என்ற நிபந்தனையில்!

எண்ணிப் பாருங்கள். உயிரியலை ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படித்து முடிக்கிறான் ஒரு மாணவன். பாடம் நினைவில் இருக்கும்போதே தேர்வெழுதுவது நலம் என்று யார் அவனுக்குச் சொல்வது? செல்வர் பயிலும் பள்ளியில் அதற்கென ஆலோசகர் உண்டு. வீட்டிலே கல்லூரி கண்ட பெற்றோர் உண்டு. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு? நிபந்தனை இருப்பதை அவன் அறியும்போது பாடம் மறந்திருக்கும், காலமும் கடந்திருக்கும். வேறு சில பல்கலைக் கழகங்களோ, 'கட்டாயமில்லை, பரிந்துரைக்கிறோம்' என்றன. வழி தெரிந்தவன் அதைக் கட்டளையெனக் கொண்டான். தெரியாதவன் சொல்லை அப்படியே நம்பினான். நம்பியவனுக்கே நட்டம்!

இந்த அநீதியைக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகமே இறுதியில் உணர்ந்தது. வேண்டிய பாடங்களைப் படித்து, வேண்டிய மதிப்பெண்ணும் பெற்றோர் பலர், இத்தேர்வை எழுதவில்லை என்பதற்காகவே தகுதியிழந்து நின்றனர். 2009-இல் நிபந்தனையை நீக்க முடிவு செய்து, 2012-இல் சேர்ந்தோர் முதல் நடைமுறைப்படுத்தினர். 2021 ஜனவரியில் தேர்வுக் கழகமே இத்தேர்வுகளுக்கு முடிவு கட்டியது.

முடிந்ததா தொல்லை? மேல்நிலைப் பாடத் திட்டமான 'ஏ.பி.' தேர்வுகள் பரவிவிட்டன, ஆகவே பழையன தேவையில்லை என்று அக்கழகம் காரணம் கூறிற்று. ஆனால் அமெரிக்கப் பள்ளிகள் அனைத்திலும் ஏ.பி. வகுப்புகள் இல்லை, இருக்கும் பள்ளிகளிலும் எல்லாப் பாடங்களும் இல்லை. யேல் பல்கலைக் கழகம் 2024-இல், எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுக்கு மாற்றாக ஏ.பி. மதிப்பெண்ணையும் ஏற்பதாக அறிவித்தது. வாசல் இடம் மாறிற்று; பெருங்கதவு திறந்தபாடில்லை.

தேர்வே கூடாது என்பதன்று நம் வாதம். கற்பித்ததைக் கேள், கற்பிக்காததைக் கேளாதே என்கிறோம். ஒரு பாடத்தில் தேர்ச்சி வேண்டுமென விதிக்கும் பல்கலைக் கழகம், அப்பாடம் எந்தெந்தப் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது என்பதை முதலில் கணக்கெடுக்கட்டும். மாணவனை அளக்குமுன் அவனுக்கு வாய்த்த பள்ளியை அளக்கட்டும். விதைக்காத வயலில் விளைச்சலை அளந்து, மண்ணே மலடு என்று தீர்ப்புரைப்பது அறிவாகுமா? அறமாகுமா?