அலமாரிக்கு எதற்கு பாயின்ட்?

புதிதாகச் சேரும் பிள்ளைகளை மேடையேற்றி, ஹாரி பாட்டர் படத்தில் வருகிற மாதிரி தலையில் தொப்பி வைத்து, இன்ன ஹவுஸ் என்று அறிவிக்கிறார்கள் சில உறைவிடப் பள்ளிகளில். கைதட்டல், கலர் டி-ஷர்ட், குரூப் போட்டோ. பிள்ளைக்கு அன்றே 'இது நம்ம ஸ்கூல்' என்ற எண்ணம் வந்துவிடுமாம். பெற்றோரும் நிம்மதியாகக் காரை எடுக்கிறார்கள்.

இங்கிலாந்துப் பள்ளிகளிலிருந்து 1935இல் தொடங்கிய டூன் பள்ளிக்கும், பிறகு அரசின் நவோதயா பள்ளிகளுக்கும் வந்துசேர்ந்ததுதான் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் இந்த ஹவுஸ் ஏற்பாடு. ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்ற நான்கு ஹவுஸ் பெயர்களும் நவோதயாவில் படித்த எவருக்கும் மறக்காது. ஒன்பதாம் வகுப்பில் மொழி புரியாத மாநிலத்துக்கு ஓராண்டு அனுப்பப்படும் பிள்ளைக்கு, மெஸ்ஸில் இடம் பிடித்து வைக்க நாலு பேர் கிடைப்பது பெரிய உதவிதான். ஐந்நூறு பேர் கூட்டத்தில் தொலைந்துபோவதைவிட முப்பது பேரில் ஒருவராக இருப்பது மேல். இதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டையெல்லாம் ஹவுஸுக்குப் போடும் பாயின்டோடுதான். ஓட்டப்பந்தயத்துக்கும் வினாடி வினாவுக்கும் பாயின்ட் போடட்டும். ஆனால் படுக்கை விரிப்பின் மடிப்புக்கும், அலமாரியின் ஒழுங்குக்கும், காலை உடற்பயிற்சிக்குச் சரியான நேரத்தில் வந்து நிற்பதற்கும் சேர்த்தே போடுகிறார்கள். வந்த முதல் மாதத்தில் இவற்றில் தவறுகிறவர் யார்? இரவெல்லாம் தூங்காமல் வீட்டை நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைதான். பெட்ஷீட்டை நனைத்துவிட்டு, யாரும் எழுவதற்குள் அதைச் சுருட்டி ஒளிக்கிற பிள்ளை. வார்டன் ஒரு பாயின்ட் குறைத்துவிட்டுப் போய்விடுவார். 'உன்னாலதான்டா போச்சு' என்பதை அறையிலுள்ள மற்றவர்கள் அன்று முழுக்கச் சொல்வார்கள். தண்டிக்கிற வேலையைப் பள்ளி பிள்ளைகளிடமே தள்ளிவிடுகிறது. அதற்கு 'டீம் ஸ்பிரிட்' என்று பெயரும் வைக்கிறது. அரவணைப்பு யாருக்கு அவசரத் தேவையோ, அவனைத்தான் இந்தக் கணக்கு முதலில் வெளியே நிறுத்துகிறது.

இது இன்று முளைத்த கோளாறும் அல்ல. எழுத்தாளர் ரோல்ட் தால் 1925இல், ஒன்பது வயதில், கடலோர ஊரான வெஸ்டன்-சூப்பர்-மேரின் செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கும் நான்கு ஹவுஸ். நன்றாகச் செய்தால் கால் நட்சத்திரம், தவறினால் ஒரு கோடு. படிப்பு நேரத்தில் பேனா முள் உடைந்து, பக்கத்துப் பையனிடம் கிசுகிசுத்து வேறு முள் கேட்டதற்கு அவருக்கு ஒரு கோடு கிடைத்தது, அதற்காகத் தலைமையாசிரியரிடம் பிரம்படியும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது அதே தலைமையாசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். பிறகு யார் எழுதுவார்கள், பிடிக்கவில்லை என்று? இரவில், வளைகுடாவுக்கு அக்கரையில் வீடு இருக்கும் திசை பார்த்துப் படுத்துக்கொள்வாராம். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் குடல்வால் வலி வந்ததாகவும் நடித்திருக்கிறார்.

இதைச் சொன்னால், பழைய மாணவர் சந்திப்புகளில் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: 'நாங்களும்தான் அழுதோம், நாலு மாசத்துல சரியாப்போச்சு. அப்புறம் நான்தான் ஹவுஸ் கேப்டன்.' பாதியில் டிசி வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தச் சந்திப்புக்கு வருவதில்லை. சரியாகிப் போனவர்களும் எப்படிச் சரியானார்கள்? அழுகை நின்றதா, போர்வைக்குள் போனதா? பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் ஜாய் ஷவேரியன் 2015இல் வெளியிட்ட நூல், சிறு வயதில் விடுதிக்குப் போன பெரியவர்கள் அந்த மௌனத்தை நடுவயதிலும் சுமப்பதைப் பற்றித்தான். கேப்டன் பதவி இதற்கு மருந்து என்று அதைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்தின் விடுதி விதிகளில், பள்ளிப் பணியாளர் அல்லாத ஒருவரிடம் பிள்ளை நேரடியாகப் பேச வழி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஆள் எந்த ஹவுஸுக்கும் பாயின்ட் போட மாட்டார். தொப்பி வாங்கும் நம் பள்ளிகள் அப்படி ஒருவரையும் ஏற்பாடு செய்யட்டும். செய்யும்வரை, குறைந்தபட்சம் முதல் பருவத்துக்காவது, அலமாரியையும் படுக்கையையும் பாயின்ட் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். ஷீல்டு எந்த ஹவுஸுக்கு என்பதை ஓட்டப்பந்தயம் பார்த்துக்கொள்ளும்.